ஒரே கையேட்டில் மூன்று 'பஸ்': இந்தச் சின்னச் சொல்லை எப்படிப் பிரித்து எழுதுவது?

வரிமாற்றி:

வணக்கம். தொழில்நுட்பக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் வேலை. இப்போது கையில் இருப்பது மின்சாரப் பேருந்து ஒன்றின் பராமரிப்புக் கையேடு. அதில் 'பஸ்' என்ற சொல் மூன்று பொருளில் வருகிறது. வண்டியே பஸ். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் 'டிசி பஸ்' (டிசி என்றால் நேர்மின்சாரம்) என்று ஒன்று இருக்கிறது. அப்புறம் வண்டியின் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் 'கேன் பஸ்' என்று இன்னொன்று.

போன வாரம் ஒரு வரியில் பெரிய தவறு செய்துவிட்டேன். மூலத்தில் 'பஸ் டிஸ்சார்ஜ் ஆகும் வரை காத்திருந்து, பிறகு மூடியைத் திறக்கவும்' என்று இருந்தது. டிஸ்சார்ஜ் என்பதற்கு ஆட்களையோ சரக்கையோ இறக்குவது என்றும் பொருள் உண்டு. நான் 'பேருந்து காலியாகும் வரை காத்திருக்கவும்' என்று எழுதிவிட்டேன். சரிபார்த்த பொறியாளர் கண்ணில் பட்டதால் தப்பியது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் அந்த டிசி பஸ்ஸில் நூற்றுக்கணக்கான வோல்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும் என்று அவர் சொன்னார். பயணிகள் இறங்கிவிட்டார்கள் என்று பார்த்துவிட்டு யாராவது அந்த மூடியைத் திறந்திருந்தால்? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

இந்த மூன்று பஸ்ஸும் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒன்றாக அமைந்த வேறு வேறு சொற்களா? தமிழில் மூன்றுக்கும் 'பஸ்' என்றே வைக்கலாமா, பிரிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சொல்வேர்:

மூன்றும் ஒரே சொல்தான். 'பஸ்' என்பது வெட்டிச் சுருக்கிய சொல் என்பது பலருக்குத் தெரியும். வெட்டி எறிந்தது எது, மிச்சம் வைத்தது எது என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முழுச்சொல் 'ஆம்னிபஸ்'. அது லத்தீன். அந்த மொழியில் 'ஆம்னிஸ்' என்றால் 'எல்லா'. அதைப் பன்மையாக்கி நான்காம் வேற்றுமையில் நிறுத்தினால் 'ஆம்னிபஸ்', அதாவது 'எல்லோருக்கும்'. 'ஆம்னி' பகுதி, 'பஸ்' விகுதி. பொருள் முழுவதும் 'ஆம்னி'யில் இருக்கிறது. 'பஸ்' என்ற துண்டுக்கு நம் 'கு' உருபுக்கு உள்ள அளவு பொருள்தான். 'எல்லோருக்கு' என்ற சொல்லில் 'எல்லோர்' முழுவதையும் வெட்டிவிட்டு, கடைசியில் மிஞ்சிய 'கு'வை ஒரு வண்டிக்குப் பெயராக வைத்து, 'கு வந்துவிட்டது, ஏறுங்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் நடந்தது அதேதான். எத்தனையோ சுருக்கச் சொற்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் வேற்றுமை உருபு தனியாகக் கழன்று வந்து, பல மொழிகளில் ஒரு பொருளின் பெயராக நிலைத்துவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

'எல்லோருக்கும்' என்ற பெயருக்கு ஒரு பின்னணி உண்டு. 1662-ல் பாரிஸில் கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் யோசனைப்படி, குறித்த வழியில், குறித்த கட்டணத்தில் ஓடும் குதிரை வண்டிகள் தொடங்கின. கட்டணம் ஐந்து சோல் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). ஆனால் படைவீரர்கள், வீட்டுப் பணியாளர்கள், கூலி வேலை செய்பவர்கள் அதில் ஏறக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. சில ஆண்டுகளில் அந்தச் சேவை நின்றுபோனது. அடுத்த முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1826-ல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர், நகரின் ஓரத்தில் தாம் நடத்திய வெந்நீர்க் குளியல் நிலையத்துக்கு ஆள் கொண்டுவர ஒரு வண்டி விட்டார். பலர் குளிக்கப் போகவில்லை, வழியில் ஏறி வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள். வண்டிதான் தொழில் என்று அவருக்குப் புரிந்தது. 1828-ல் பாரிஸுக்கும் அதைக் கொண்டுபோனார். பெயர் ஆம்னிபஸ். 1829 ஜூலை 4 அன்று லண்டனில் ஜார்ஜ் ஷில்லிபியர் தம் முதல் ஆம்னிபஸ்ஸை விட்டார். மூன்று குதிரைகள், 22 பேர், பேடிங்டனிலிருந்து பேங்க் ஆஃப் இங்கிலாந்து வரை. அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே ஆங்கிலத்தில் 'பஸ்' என்ற சுருக்கம் புழக்கத்துக்கு வந்துவிட்டது.


கேள்விக்கணை:

நாந்த் நகரில் ஆம்னெஸ் என்ற ஒருவரின் தொப்பிக் கடை வாசலில் 'ஆம்னெஸ் ஆம்னிபஸ்' என்று பலகை இருந்ததாகவும், வண்டி அங்கே நின்றதால் அந்தப் பெயர் வந்ததாகவும் படித்திருக்கிறேன். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?


சொல்வேர்:

வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தக் கதை எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அழகான கதைதான். ஆனால் அதைச் சரித்திரமாக நிறுவும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. 'எல்லோருக்கும்' என்பது பொது வண்டிக்கு நேராகப் பொருந்தும் பெயர். அதை வைக்க ஒரு தொப்பிக் கடை வேண்டியதில்லை.


செம்புத்தகடு:

வரிமாற்றி, நான் மின்துறையில் இருப்பவன். உங்கள் கையேட்டைச் சரிபார்த்த பொறியாளருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் சொல் 'பஸ்பார்'. பேனலைத் திறந்தால் உள்ளே செம்பு அல்லது அலுமினியத் தகடு பட்டையாகப் போகும். உள்ளே வரும் மின்சாரம் முதலில் அந்தப் பட்டைக்கு வரும். அங்கிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டும் தனித்தனியாகப் பிரிந்து போகும். எல்லாச் சுற்றுக்கும் பொதுவான பட்டை என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் அதை 'ஆம்னிபஸ் பார்' என்றார்கள். அதுவும் வண்டியைப் போலவே வெட்டுப்பட்டு 'பஸ்பார்' ஆனது. சொல்வேர் சொன்ன 'எல்லோருக்கும்' இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. இத்தனை வருடம் பஸ்பாரில் வேலை செய்தும் எனக்கு இது தெரியாது. இன்று காலை படித்ததும் கூட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் சொன்னேன்.

டிசி பஸ் என்பதும் இதே குடும்பம். பேட்டரி, சார்ஜர், மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர், குளிர்சாதனத்துக்கான மாற்றி எல்லாம் வந்து சேரும் பொதுவான இரண்டு கடத்திகள், ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். அது தகடாகவும் இருக்கலாம், தடித்த கேபிளாகவும் இருக்கலாம். அதோடு பெரிய கெபாசிட்டர்கள் சேர்ந்திருக்கும். வண்டியை நிறுத்தினாலும் அவற்றில் சேர்ந்த மின்னூட்டம் உடனே போகாது. கையேடு 'டிஸ்சார்ஜ்' என்று சொன்னது அதைத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். டிசி பஸ்ஸைப் 'பாதை' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். மின்சாரம் அங்கிருந்து இங்கே போகும் வழி என்று மட்டும் நினைத்தால் அதன் தன்மை புரியாது. அது எல்லோரும் வந்து சேரும் இடம். ஒரு பொதுத்திண்ணை மாதிரி. திண்ணையில் யார் கை வைத்தாலும் அதே வோல்டேஜ்தான்.


இருமவிரல்:

கணினிப் பக்கம் நான் சொல்கிறேன். செம்புத்தகடு சொன்னதைத்தான் நாங்கள் கடன் வாங்கினோம். செயலி (பிராசஸர்), நினைவகம், மற்ற கருவிகள் எல்லாம் பொதுவாகத் தொங்கும் கம்பிக் கற்றைக்குப் பெயர் பஸ். தரவு போனால் டேட்டா பஸ், எந்த இடத்துத் தரவு என்று சொன்னால் அட்ரஸ் பஸ். பதினாறு கம்பிகள் இருந்தால் 65,536 முகவரிகளைச் சொல்லலாம். பழைய எட்டு பிட் கணினிகளின் நினைவகம் 64 கிலோபைட்டோடு நின்றது அதனால்தான்.

ஒரு செய்தி சொல்கிறேன், சொல்வேருக்குப் பிடிக்கும். 1970 வாக்கில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பிடிபி-8/இ என்ற கணினியை வெளியிட்டபோது, அதன் பஸ்ஸுக்கு வைத்த பெயர் 'ஆம்னிபஸ்'! வெட்டி எறிந்த தலையைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டிவிட்டார்கள். அதே நிறுவனத்தின் பிடிபி-11 கணினியில் இருந்தது 'யூனிபஸ்'. அங்கே 'ஒன்று' என்ற பொருளுள்ள 'யூனி'யைக் கொண்டுவந்து உருபின் முன்னால் ஒட்டினார்கள். 'பஸ்' அதற்குள் தன்னந்தனியாக நிற்கும் பெயர்ச்சொல்லாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாம் தினமும் செருகும் யூஎஸ்பியின் கடைசி எழுத்தும் இந்தப் பஸ்தான். 1996 ஜனவரியில் அதன் முதல் வரையறை வந்தது. ஆனால் கம்பி போகும் விதத்தைப் பார்த்தால் அது பழைய பொருளில் பஸ் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி, நடுவில் ஹப், கிளை விரிவது போல விரிகிறது. பொருள் மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேன் பஸ் அப்படியில்லை, அது அசல் பஸ். 1986-ல் பாஷ் நிறுவனம் வெளியிட்டது. முறுக்கிய இரண்டு கம்பிகள், இரண்டு முனையிலும் 120 ஓம் தடை. பிரேக், மோட்டார், கதவு, டேஷ்போர்டு எல்லாம் அந்த இரண்டு கம்பியில்தான் பேசுகின்றன. ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும். இதுவும் 'எல்லோருக்கும்'தான்.


நேர்மொழி:

எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. இப்படிப் பாதியில் வெட்டிய சொற்களை நாம் ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும்? ஆம்னிபஸ் என்று முழுசாகச் சொன்னால் பொருள் விளங்கும். பஸ் என்று வெட்டியதால்தானே மூன்று பொருளும் குழம்பி, ஒருவர் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது? ஃபோன், லேப், எக்ஸாம், மைக், ஃபிரிட்ஜ் என்று எதைப் பார்த்தாலும் பாதிச் சொல். இது மொழிச் சோம்பல் என்றுதான் நான் நினைக்கிறேன்.


சொல்வேர்:

நேர்மொழி, உங்கள் வருத்தத்துக்கு முந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1710-ல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு லண்டன் இதழில் இதே ஆதங்கத்தை எழுதினார். ஆங்கிலேயர்கள் சொற்களை முதல் அசையோடு வெட்டுகிறார்கள் என்பது அவர் புகார். அவர் சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று 'மாப்'. 'மொபிலே வல்கஸ்', அதாவது 'அலைபாயும் கூட்டம்' என்ற லத்தீன் தொடரின் வெட்டுத்துண்டு. அந்தச் சொல்லைத் தடுக்கத் தம்மால் ஆனதெல்லாம் செய்ததாகவும், முடியவில்லை என்றும் எழுதினார். இன்று ஆங்கிலத்தில் மாப் என்பதை யாரும் சுருக்கம் என்று நினைப்பதே இல்லை.

தெருவில் நின்று பாருங்கள். பஸ் மட்டுமா? கேப் என்பது 'கேப்ரியோலே' என்ற இலகு குதிரை வண்டியின் தலை. வேன் என்பது 'கேரவன்' என்பதன் வால், மூலம் பாரசீகம். டாக்சி என்பது 'டாக்சிமீட்டர்' என்ற கட்டணக் கருவியின் தலை. பைக் என்பது பைசிக்கிளின் சுருக்கம். போக்குவரத்தில் பாதிக்கு மேல் வெட்டுச்சொற்கள். தினமும் நூறு முறை சொல்ல வேண்டிய சொல்லை மக்கள் நீளமாக வைத்திருக்க மாட்டார்கள்.


இலக்கணப்பித்து:

நேர்மொழி ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். சோம்பல் என்று சொல்லாதீர்கள். நம் இலக்கணத்தில் இதற்கு மரியாதையான பெயரே இருக்கிறது: மரூஉ. அருமருந்தன்ன என்பது 'அருமந்த' ஆனது. என் தந்தை 'எந்தை' ஆனார். சோழநாடு 'சோணாடு' ஆனது. இவற்றைக் குற்றம் என்று நன்னூல் ஒதுக்கவில்லை. இயல்பு வழக்கில் ஒன்றாக, இலக்கணம் உடையதற்கும் இலக்கணப்போலிக்கும் பக்கத்தில் வைத்தது. பொழுது 'போது' ஆனதையும் பெயர் 'பேர்' ஆனதையும் நாம் குறையாக நினைப்பதில்லையே. பேர் என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைக் கடிந்துகொள்வது நியாயமில்லை.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்த விஷயம் வேறு. ஆங்கிலத்தில் இதன் பன்மையை எப்படி எழுதுவது என்று நெடுநாள் தடுமாற்றம். ஒரு எஸ்ஸா, இரண்டு எஸ்ஸா? இன்று ஒரு எஸ் போட்டு 'பஸஸ்' என்று எழுதுவதே வழக்கம், இரண்டு எஸ் போட்டதும் அமெரிக்க அகராதிகளில் இருக்கிறது. இரண்டு எஸ் போட்டால் 'முத்தங்கள்' என்று பொருள்படும் ஒரு பழைய சொல்லோடு மோதும். வினைச்சொல்லாக வரும்போது பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் இரட்டிப்பார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரட்டிக்க மாட்டார்கள்.

தமிழில் இந்தச் சிக்கலே எழவில்லை. பஸ் + ஐ = பஸ்ஸை. பஸ் + இல் = பஸ்ஸில். கல்லை, பல்லில் என்பது போலவே. 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று நன்னூல் சொன்ன விதி, லத்தீன் உருபு ஒன்று ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தபோதும் கேள்வி கேட்காமல் வேலை செய்கிறது. விதி தெரியாத குழந்தைகூடப் 'பஸில் போனேன்' என்று சொல்வதில்லை, பஸ்ஸில் என்றுதான் சொல்கிறது. கடன் சொல்லைத் தமிழ் எப்படித் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.


கேள்விக்கணை:

ஆம்னிபஸ்ஸுக்குப் பன்மை 'ஆம்னிபி'தானே? ரேடியஸ், ரேடியை போல?


இலக்கணப்பித்து:

இல்லை. ரேடியஸ் லத்தீனில் எழுவாய் வடிவம், அதனால் அதற்கு அப்படிப் பன்மை உண்டு. ஆம்னிபஸ் ஏற்கெனவே பன்மை, அதுவும் வேற்றுமை ஏறிய வடிவம். 'எல்லோருக்கும்' என்பதற்கு மேலே இன்னொரு 'கள்' போட முடியுமா? ஆங்கில முறையில் 'ஆம்னிபஸஸ்' என்பதே சரி.

இதே உருபு ஒட்டிய இன்னொரு சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது, 'ரீபஸ்'. படங்களை வரைந்து சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர். லத்தீனில் 'பொருள்களால்' என்று பொருள். அங்கே யாரும் தலையை வெட்டவில்லை.

தமிழில் நாம் செய்ததையும் சொல்ல வேண்டும். 'ஆம்னி பஸ்' என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறோம். ஆம்னி என்பது பஸ்ஸில் ஒரு வகை என்று ஆகிவிட்டது. வெட்டின தலையை அடைமொழியாகத் திரும்ப ஒட்டியிருக்கிறோம், இருமவிரல் சொன்ன கணினி நிறுவனம் செய்தது போலவே.


தீர்ப்புவாசி:

முழுச்சொல் செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சட்டத்தில் அது நன்றாக உயிரோடு இருக்கிறது. 'கிளாப்பம் ஆம்னிபஸ்ஸில் போகும் மனிதன்' (கிளாப்பம் லண்டனின் ஒரு பகுதி) என்று ஆங்கிலச் சட்டத்தில் ஒரு தொடர் உண்டு. ஒருவர் கவனமாக நடந்துகொண்டாரா என்று தீர்மானிக்க, சாதாரண அறிவுள்ள ஒரு மனிதர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று நீதிமன்றம் கேட்கும். அந்தச் சாதாரண மனிதருக்குத்தான் இந்தப் பெயர். 1903-ல் ஒரு வழக்கில் நீதிபதி காலின்ஸ் இதைப் பயன்படுத்தினார். அவருக்கு முந்தைய நீதிபதி போவன் பிரபு சொன்ன தொடர் என்று அவரே குறிப்பிட்டார். 2014-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம்கூட இந்த ஆம்னிபஸ்ஸைப் பற்றிப் பேசியிருக்கிறது. பொது மனிதருக்கு அடையாளம் தேடியவர்கள் எல்லோருக்குமான வண்டியில் போய் அவரை உட்கார வைத்தது எவ்வளவு பொருத்தம்!

பல விஷயங்களை ஒன்றாகக் கட்டிக் கொண்டுவரும் மசோதாவும் 'ஆம்னிபஸ் மசோதா'தான். 1850-ல் அமெரிக்காவில் செனட்டர் ஹென்றி கிளே கொண்டுவந்த மசோதாத் தொகுப்பை அப்படி அழைத்தார்கள். மொத்தமாக வந்தபோது தோற்றது, தனித்தனியாகப் பிரித்த பிறகு நிறைவேறியது.

வினைச்சொல்லுக்கும் ஒரு சட்டக் கதை உண்டு. அமெரிக்கச் செய்திகளில் 'பஸ்ஸிங்' என்று படித்தால் வெறும் பயணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் ஒன்றாகப் படிப்பதற்காக, பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்பிய ஏற்பாடு அது. 1971-ல் ஸ்வான் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரு காலகட்டத்தின் முழுப் போராட்டமும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது.


கேள்விக்கணை:

உணவகத்தில் மேசை துடைப்பவரை அமெரிக்கர்கள் 'பஸ்பாய்' என்கிறார்களே, அவருக்கும் வண்டிக்கும் என்ன தொடர்பு?


சொல்வேர்:

வண்டியோடு நேரடித் தொடர்பு இல்லை, முழுச்சொல்லோடு உண்டு. தட்டு எடுப்பது, மேசை துடைப்பது, தண்ணீர் வைப்பது என்று எல்லா வேலைக்கும் இருக்கும் உதவியாளரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஆம்னிபஸ்' என்றார்கள். அது சுருங்கிப் பஸ்பாய். அதிலிருந்து மேசையைத் துப்புரவாக்குவதற்கே 'பஸ்' என்று ஒரு வினை பிறந்தது.

விண்வெளிப் பொறியாளர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளில் மின்சாரம் தருவது, திசை திருப்புவது, பூமியோடு பேசுவது எல்லாம் இருக்கும் உடல் பகுதி 'பஸ்'. தொலைநோக்கியோ கேமராவோ அதில் ஏறிப்போகும் சுமை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கும் அப்படி ஒரு பஸ் உண்டு. சைக்கிள் பந்தயத்தில் மலையேற்றத்தின்போது பின்தங்கியவர்கள், நேர வரம்புக்குள் முடித்தால் போதும் என்று கூட்டாக ஓட்டுவார்கள். அந்தக் கூட்டமும் பஸ்தான்.


இருமவிரல்:

மரபுத்தொடர்களையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் மொழிபெயர்க்கும்போது அவைதான் காலை வாரும். 'பஸ்ஸைத் தவறவிட்டான்' என்றால் வாய்ப்பை விட்டான். 1940 ஏப்ரல் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், ஹிட்லர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார் என்று பேசினார். ஐந்தே நாளில் ஜெர்மன் படைகள் நார்வேக்குள் நுழைந்தன. அடுத்த மாதம் அவர் பதவி விலகினார். 'பஸ்ஸுக்கு அடியில் தள்ளினான்' என்றால் தான் தப்பிக்கக் கூட இருந்தவரைக் காட்டிக்கொடுத்தான். 'பஸ்காரர் விடுமுறை' என்றால் ஓய்வு நாளிலும் தொழிலையே செய்வது.

நிரலாளர்கள் 'பஸ் ஃபேக்டர்' என்பார்கள். எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் வேலை நின்றுபோகுமோ அந்த எண். ஒன்று என்றால் ஆபத்து, எல்லாமே ஒருவர் தலைக்குள் இருக்கிறது. 1994-லேயே பைத்தான் என்ற நிரல் மொழியின் குழுவில், அதை உருவாக்கிய கீடோ வான் ரோசம் பஸ்ஸில் அடிபட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி கடுமையாகத் தெரியலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுத் திருத்திக்கொண்ட திட்டங்கள்தான் நிலைத்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.


நேர்மொழி:

இலக்கணப்பித்து சொன்ன மரூஉ விளக்கத்தை ஏற்கிறேன். சோம்பல் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நன்னூலைப் பள்ளியில் படித்தும் அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை.

ஆனால் வரிமாற்றியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரே சொல் என்று எல்லோரும் நிறுவிவிட்டீர்கள். அதனால் தமிழிலும் ஒரே சொல் போடலாம் என்று அர்த்தமாகிவிடாது. எச்சரிக்கை வரியில் சொல்வரலாறு உதவாது. படிப்பவர் கையில் ஸ்பேனர் இருக்கிறது. அந்த நொடியில் அவருக்கு எந்தப் பஸ் என்று தெரிய வேண்டும். வண்டிக்குப் 'பேருந்து' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதை வண்டிக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.


இருமவிரல்:

ஒத்துக்கொள்கிறேன். கேன் பஸ்ஸுக்குப் பாடநூல்களில் 'பாட்டை' என்ற சொல் இருக்கிறது. தரவுப் பாட்டை, முகவரிப் பாட்டை என்று படித்தவர்கள் உண்டு. பாட்டை என்றால் வழி. பொது என்ற பொருள் அதில் நேராகத் தெரியவில்லை, ஆனாலும் நன்றாக ஊன்றிவிட்ட சொல். குலைக்க வேண்டாம். பட்டறையில் இருப்பவர்களுக்காகக் 'கேன் பஸ் தரவுப் பாட்டை' என்று முதல் இடத்தில் எழுதிவிட்டு, பிறகு 'தரவுப் பாட்டை' என்று தொடரலாம்.


செம்புத்தகடு:

தரவுக்குப் பாட்டை சரி. மின்சாரத்துக்கு வேண்டாம், முன்னாலேயே சொன்னேன். 'டிசி பஸ்' என்ற பெயர் கருவியின் மேலேயே ஒட்டியிருக்கும். கையேட்டில் வேறு பெயர் இருந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியாமல் ஆள் குழம்புவார். 'டிசி பஸ்' என்றே வையுங்கள். முதல் முறை வரும்போது 'பேட்டரியும் இன்வெர்ட்டரும் இணையும் பொது மின்கடத்தி' என்று ஒரு வரி விளக்கம் கொடுங்கள். தனியாகப் 'பஸ்' என்று எங்கேயும் நிற்க விடாதீர்கள். முன்னால் டிசி இல்லாமல் அந்தச் சொல் வரவே கூடாது.


வரிமாற்றி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சொல்லைக் கேட்டேன், ஒரு படிப்பே கிடைத்தது. நேற்று இரவு கையேடு முழுவதும் தேடி ஒவ்வொரு பஸ்ஸையும் பிரித்துவிட்டேன். வண்டி வரும் இடமெல்லாம் பேருந்து. கேன் வரும் இடமெல்லாம் தரவுப் பாட்டை. மின்சாரம் வரும் இடமெல்லாம் டிசி பஸ், எங்கேயும் தனியாக இல்லை. நான் தவறு செய்த அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

'பேருந்தின் சாவியை எடுத்த பிறகும் டிசி பஸ்ஸில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும். அது முழுவதும் இறங்கும் வரை காத்திருந்து, பிறகு மூடியைத் திறக்கவும்.'


இலக்கணப்பித்து:

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு இடம். 'இறங்கும் வரை' என்பதை மாற்றிவிடுங்கள். முன் வாக்கியத்தில் பேருந்து வந்துவிட்டது, டிசி பஸ்ஸும் வந்துவிட்டது. அதன் பின்னால் 'முழுவதும் இறங்கும்' என்றால் வேகமாகப் படிப்பவர் மனம் பயணிகளிடம்தான் போகும். பழைய தவறே வேறு வழியில் திரும்பி வருகிறது. 'அது' என்பதையும் எடுத்துவிட்டு, மின்னழுத்தத்தையே மறுபடி சொல்லுங்கள்.


செம்புத்தகடு:

சரியாகப் பிடித்தீர்கள். நான் மூன்று முறை படித்தும் எனக்குப் படவில்லை. இன்னொன்று, எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், மீட்டரில் அளந்து பார்க்க வேண்டுமா என்று மூலத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்காதீர்கள், பொறியாளரிடம் கேளுங்கள். வெறுமனே காத்திருந்துவிட்டு யாரும் கை வைக்கக் கூடாது.


வரிமாற்றி:

மூலத்தில் அடுத்த பக்கத்தில் தனிப் பெட்டியில் இருக்கிறது, அளந்து பார்க்கவும் சொல்கிறது. அதை இந்த வரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவரலாமா என்று இன்று காலை பொறியாளருக்கு எழுதிக் கேட்டேன், சம்மதித்துவிட்டார். வரி இப்போது இப்படி இருக்கிறது:

'பேருந்தின் சாவியை எடுத்த பிறகும் டிசி பஸ்ஸில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும். அந்த மின்னழுத்தம் முழுவதும் வடியும் வரை காத்திருக்கவும். மீட்டரில் அளந்து உறுதி செய்த பிறகே மூடியைத் திறக்கவும்.'